புள்ளி, வட்டம், கோடு

ஜனவரி பிறந்தா நம்ம வீடுகள்ல டைரி சேரும். இன்சூரன்ஸ் ஏஜென்ட் குடுத்தது ஒண்ணு, ஜவுளிக்கடை பையோட வந்தது ஒண்ணு. முதல் நாலு நாள் முத்து முத்தான கையெழுத்துல தினசரிக் குறிப்பு. பொங்கல் தாண்டினதும் அது பால் கணக்கு நோட்டு. மார்ச்சுக்கப்புறம் பக்கத்து வீட்டுக் குழந்தை வந்து யானை வரையும். இது நம்ம சோம்பேறித்தனம் மட்டும்னு நான் நினைக்கலை. ஒரு நாளைக்கு ஒரு பக்கம்னு தேதி போட்டு அச்சடிச்சு வெச்சா, எழுத ஒண்ணுமில்லாத நாள்ல வெத்துப் பக்கம் நம்மளைப் பார்த்து முறைக்கும். ஆஸ்பத்திரி, ஆபீஸ், கேஸ் சிலிண்டர்னு எல்லாம் ஒண்ணா வந்த நாள்ல இடம் பத்தாது. நாலு நாள் விட்டுப்போனா நாலு வெள்ளைப் பக்கம் சாட்சியா நிக்கும். அஞ்சாவது நாள் அதைத் திறக்கவே மனசு வராது.

அந்தத் தொல்லை இல்லாத ஒரு முறையை மூணு வருஷமா விடாம செஞ்சுட்டு வர்றேன். அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு. பேரு புல்லட் ஜர்னல். 'புல்லட்'னு படிச்சதும் ராயல் என்ஃபீல்டு சத்தம் காதுல கேட்டா அதுக்கு நான் பொறுப்பில்லை :-) இங்கே புல்லட்னா வரிக்கு முன்னாடி வைக்கிற புள்ளி, அவ்வளவுதான்.

இதை உருவாக்கினவர் ரைடர் கேரல். நியூயார்க்கில் வேலை பார்த்த டிஜிட்டல் வடிவமைப்பாளர். சின்ன வயசுலேயே அவருக்குக் கவனக்குறைபாடு இருக்குன்னு கண்டுபிடிச்சிருக்காங்க. வகுப்புல ஒரு விஷயத்துல மனசை நிறுத்த முடியாத பையன், தனக்குத் தானே நோட்டுல குறி போட்டுப் போட்டு ஒரு வழி கண்டுபிடிச்சு, அதைப் பல வருஷம் செதுக்கி, 2013-ல ஒரு இணையதளமா போட்டார். 2018-ல புத்தகமாவும் வந்தது. பொழுதெல்லாம் கம்ப்யூட்டர் திரைக்கு வடிவம் போடுற ஆளு, தன் சொந்த வேலைக்கு பேனாவையும் நோட்டையும் எடுத்தார்ங்கிறது எனக்குப் பிடிச்ச விஷயம்.

முறை ரொம்ப எளிசு. அச்சடிச்ச தேதி இல்லாத ஒரு சாதா நோட்டு வேணும். பக்கத்துக்கெல்லாம் நீங்களே நம்பர் போடணும். முதல் ரெண்டு பக்கம் பொருளடக்கத்துக்கு. அடுத்து வரப்போற ஆறு மாசத்துக்கு ஆறு கட்டம்: ஜூன்ல வண்டி இன்சூரன்ஸ், ஆகஸ்ட்ல மச்சினர் பொண்ணு கல்யாணம் மாதிரி தூரத்து விஷயங்கள் அதுல போகும். அப்புறம் நடப்பு மாசத்துக்கு ஒரு பக்கம், தேதி வரிசையா. எதிர்ப்பக்கத்துல அந்த மாசம் செய்ய வேண்டியவை. அதுக்கப்புறம் தினக்குறிப்பு. தேதியைப் போட்டு எழுதிட்டே போக வேண்டியதுதான். இன்னைக்கு ரெண்டு வரின்னா ரெண்டு வரி, நாளைக்கு ஒரு பக்கம்னா ஒரு பக்கம். பத்து நாள் எழுதலைன்னா அடுத்த வரியில பதினோராம் நாள். வெள்ளைப் பக்கமே கிடையாது. டைரியை நம்ம விட்டுட்டோம்கிற நினைப்புக்கு அங்கே இடமில்லை.

எழுதுறதும் வாக்கியமா இல்லை. செய்ய வேண்டிய வேலைக்கு முன்னாடி புள்ளி. நடந்த நிகழ்ச்சிக்கு வட்டம். ஞாபகக் குறிப்புக்குச் சின்னக் கோடு. வேலை முடிஞ்சா புள்ளி மேல பெருக்கல் குறி. என் நோட்டுல ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை இப்படி இருக்கும்: புள்ளி, கரண்ட் பில். புள்ளி, ஆடிட்டருக்கு ஃபைல் அனுப்பணும். வட்டம், அத்தை வந்துட்டுப் போனாங்க. கோடு, அத்தைக்குக் காது சரியா கேக்கலை, ஃபோன்ல சத்தமா பேசணும். படிக்கிறவங்களுக்கு இது ஒண்ணுமே இல்லை. எனக்கு அந்த நாள் முழுசா ஞாபகம் வந்துடும்.

இதுவரைக்கும் கேட்டா 'மளிகை லிஸ்ட் போடுற மாதிரிதானே, இதுக்கு ஒரு பேரா?'ன்னு தோணும். நியாயமான கேள்வி. மளிகை லிஸ்ட்டுல இல்லாத ஒண்ணு இதுல இருக்கு. மாசக் கடைசியில உக்காந்து, முடியாம நிக்கிற ஒவ்வொரு புள்ளியையும் பார்க்கணும். இது இன்னும் வேணுமா? வேணும்னா அம்புக்குறி போட்டு, அடுத்த மாசப் பக்கத்துல மறுபடியும் கையால எழுதணும். வேண்டாம்னா அடிச்சுடணும். மறுபடி எழுதுறது ஒரு சின்னக் கஷ்டம்தான். ஆனா வேணும்னேதான் அந்தக் கஷ்டத்தை வெச்சிருக்காங்க. செல்ஃபோன் ஆப்புல முடியாத வேலை தானா அடுத்த நாளைக்கு நகர்ந்துடும், நூறு வேலை சேர்ந்தாலும் நமக்கு உறைக்காது. ஒரே வரியை மூணாவது தடவை கையால எழுதும்போது கை கேக்கும்: 'இதை நிஜமாவே செய்யப் போறியா?'

அப்படித்தான் 'இந்தி கத்துக்கணும்'ங்கிற வரி ரெண்டு மாசம் நகர்ந்து மூணாவது மாசம் அடிபட்டது. அடிச்சதும் ஒரு நிம்மதி. அது என் ஆசையே இல்லை, ஆபீஸ்ல யாரோ சொன்னது.

மனசுல இருக்கிறதைக் காகிதத்துல இறக்கினா ஏன் லேசாகுதுங்கிறதுக்கு உளவியல்காரங்க கொஞ்சம் ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. 1927-ல பெர்லின்ல ப்ளூமா ஸைகார்னிக்னு ஒரு அம்மா, முடிச்ச வேலையைவிட பாதியில நிறுத்தின வேலைதான் அதிகம் ஞாபகம் இருக்குன்னு எழுதினாங்க. அதைத் திரும்பச் செஞ்சு பார்த்த எல்லாருக்கும் அதே முடிவு வரலை, அதனால அதை அப்படியே வேதவாக்கா எடுத்துக்க வேண்டாம். ஆனா 2011-ல மாஸிகாம்போ, பாமைஸ்டர்னு ரெண்டு பேர் செஞ்ச சோதனை சுவாரசியமானது. முடியாத காரியம் ஒண்ணு மனசுல இருந்தா அடுத்த வேலையில கவனம் சிதறுது. ஆனா அந்தக் காரியத்தை எப்போ, எப்படிச் செய்யப்போறோம்னு திட்டம் எழுதச் சொன்னதும் அந்தச் சிதறல் போயிடுது. காரியம் முடியக்கூட வேண்டாம், திட்டம் இருந்தாப் போதும்.

இன்னொண்ணு 2018-ல வந்தது, அமெரிக்காவுல பேய்லர் பல்கலைக்கழகத்துல. 57 இளைஞர்களைத் தூக்க ஆய்வுக்கூடத்துல படுக்க வெச்சு, படுக்கிறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் எழுதச் சொன்னாங்க. பாதிப் பேர் இனிமே செய்ய வேண்டியதை எழுதணும், மீதிப் பேர் செஞ்சு முடிச்சதை எழுதணும். செய்ய வேண்டியதை எழுதினவங்க சுமார் 9 நிமிஷம் முன்னாடியே தூங்கிட்டாங்க. 57 பேர்ங்கிறது சின்ன எண்ணிக்கைதான். ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சு 'ஐயோ, ரேஷன் கார்டு'ன்னு எழுந்து உக்கார்ற எனக்கு அதுக்கு மேல ஆதாரம் தேவைப்படலை :-)

இப்போ என் கதைக்கு வர்றேன். அதைச் சொல்லாம இந்த நோட்டு எனக்கு எதுக்குன்னு புரிய வைக்க முடியாது.

அப்பாவுக்குப் பார்க்கின்சன். மூளையில டோபமைன் சுரக்கிற செல்கள் கொஞ்சம் கொஞ்சமா அழியற நோய். கை நடுக்கம்தான் எல்லாருக்கும் தெரியும். அதைவிட பெரிய தொல்லை, உடம்பு இறுகிப்போறதும் நடை உறைஞ்சு நின்னுடறதும். வாசல்படிகிட்ட வந்து கால் தரையில ஒட்டின மாதிரி நின்னுடுவார். லெவோடோபா மாத்திரை உள்ளே போய் வேலை செய்யிற வரைக்கும் ஒரு அப்பா, அது தீர்ந்துபோனதும் வேற அப்பா. இதுல இன்னொரு சிக்கலும் இருக்கு. பால், பருப்பு, முட்டைன்னு புரதம் அதிகமுள்ள சாப்பாட்டோட மாத்திரை போட்டா சிலருக்கு அது உடம்புல சேர்றது குறையும்.

டாக்டர்கிட்ட போனா நமக்குக் கிடைக்கிறது பத்து நிமிஷம். 'எப்படி இருக்கார்?'னு கேப்பார். அப்பா, வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் நிமிர்ந்து உக்காந்து 'நல்லா இருக்கேன் சார்'ம்பார். அம்மா 'சில நேரம் முடியலைங்க'ம்பாங்க. இந்த ரெண்டு பதிலை வெச்சு எந்த டாக்டரும் ஒண்ணும் செய்ய முடியாது.

நோட்டுல அப்பாவுக்குன்னு நாலு பக்கம் ஒதுக்கினேன். மாத்திரை போட்ட நேரம், நடக்க ஆரம்பிச்ச நேரம், மறுபடி இறுகின நேரம், அந்த வேளை சாப்பாடு. எல்லாம் ஒரு வரியில. மூணு வாரம் ஓடினதும் கண்ணுக்கே தெரிஞ்சது: மதியம் ஒரு மணி மாத்திரை மட்டும் சரியா பிடிக்கலை. அது பருப்பு சாதத்தோட போற மாத்திரை. சாயங்கால மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே உடம்பு இறுகுது. டாக்டர் அந்தப் பக்கத்தை வாங்கி விரலால வரி வரியா ஓட்டிப் பார்த்தார். கேள்வி எதுவும் கேக்கலை. நேரத்தை மாத்தி எழுதினார், மதிய மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னாடி நகர்த்தினார். அதுக்கப்புறம் அப்பா சாயங்காலம் தெருமுனை பிள்ளையார் கோயில் வரைக்கும் போயிட்டு வர்றார். (வீட்டுல யாருக்காவது இது இருந்தா, மாத்திரை நேரத்தை நீங்களா மாத்தாதீங்க. எழுதிக் கொண்டுபோய் டாக்டர்கிட்ட காட்டுங்க.)

சரி, அப்பாவுக்கு நாலு பக்கம். அம்மாவோட முழங்காலுக்கு ஒரு பக்கம். ஆபீஸுக்கு நிறைய பக்கம். பொருளடக்கத்தைப் பார்த்தப்போ ஒரு விஷயம் பளிச்னு தெரிஞ்சது. எனக்குன்னு ஒரு பக்கமும் இல்லை. பொருளடக்கம்னு ஒண்ணு இருந்ததால கண்ணுல பட்டது.

'எனக்கு'ன்னே தலைப்பு போட்டு ஒரு பக்கம் ஆரம்பிச்சேன். இணையத்துல 'செல்ஃப் கேர்'னு தேடினா மெழுகுவர்த்தியும் ரோஜாப்பூ மிதக்கிற குளியல் தொட்டியும் வருது. அம்பத்தூர்ல காலையில ஆறரைக்கு நின்னுபோற தண்ணியை வெச்சுக்கிட்டு அதெல்லாம் ஆகாது. என் பக்கத்துல இருந்தது மூணே வரி. ராத்திரி சாப்பிட்டப்புறம் மொட்டை மாடியில 15 நிமிஷ நடை. வாரம் ஒரு தடவை, வேலை விஷயம் இல்லாம ஒரு சிநேகிதிக்கு ஃபோன். மாசத்துல ஒரு ஞாயிறு மதியம், வெளியே, தனியா.

முதல் ரெண்டும் நடந்தது. மூணாவதுக்கு அம்புக்குறி. அடுத்த மாசமும் அம்புக்குறி. தொடர்ந்து நாலு மாசம். நாலாவது தடவை எழுதும்போது அடிச்சுடலாமான்னு பேனாவை வெச்சேன். கை வரலை. இது 'இந்தி கத்துக்கணும்' மாதிரி இல்லை, இது நிஜமாவே வேணும். அப்போ ஏன் நகரலைன்னு பக்கத்துலேயே ஒரு கோடு போட்டு எழுதினேன்: அப்பாவைத் தூக்கி உக்கார வைக்க அம்மாவால முடியாது. வீட்டுல இன்னொரு ஆள் வேணும்.

அந்த ஒரு வரி எழுதினதும், இது என் மனஉறுதி சம்பந்தப்பட்ட விஷயமே இல்லைன்னு புரிஞ்சது. ஆள் கணக்கு.

தம்பி தாம்பரத்துல இருக்கான். வந்தா நல்லா பார்த்துக்குவான், ஆனா வர்றது பண்டிகைக்கு. 'நீ வர்றதே இல்லை'ன்னு ஆரம்பிச்சா 'ஆபீஸ் அப்படிக்கா'ன்னு அவன் ஆரம்பிப்பான், அது எங்கே போய் முடியும்னு எல்லாக் குடும்பத்துக்கும் தெரியும். இந்தத் தடவை ஒண்ணும் சொல்லாம நோட்டை அவன் கையில குடுத்தேன். அப்பாவோட பக்கங்களைப் படிச்சான். ராத்திரி 1.40, 3.15, 4.50 எல்லாம் பார்த்துட்டு 'இது தினமுமாக்கா?'ன்னு கேட்டான். பக்கத்தைத் திருப்பி, அந்த நாலு அம்புக்குறியைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசலை. 'ஒரு ஞாயிறு போதுமா, ரெண்டா எழுதிக்க'ன்னான்.

இப்போ மாசம் ரெண்டு ஞாயிறு வர்றான். தாம்பரத்துல எலக்ட்ரிக் ட்ரெயின் ஏறி, பார்க் ஸ்டேஷன்ல இறங்கி, எதிர்ல சென்ட்ரல் போய் அம்பத்தூர் வண்டி பிடிச்சு, பதினொரு மணிக்கு வாசல்ல நிப்பான். நான் செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுவேன். எங்கே போறேன்னு வீட்டுல யாரும் கேக்கறதில்லை. நானும் இங்கே சொல்லப்போறதில்லை :-)

இந்த முறையில எனக்கு ஒத்து வராததும் உண்டு. புல்லட் ஜர்னல்னு இணையத்துல தேடிப் பாருங்க. வாட்டர் கலர் பூ, ஜப்பான் ஒட்டு டேப், பிரஷ் பேனாவுல எழுதின தலைப்புன்னு கல்யாணப் பத்திரிகை மாதிரி பக்கங்கள். கேரலோட பக்கத்துல அப்படி எதுவும் கிடையாது, கறுப்பு மையும் கட்டை எழுத்தும்தான். வரையப் பிடிச்சவங்க தாராளமா வரையுங்க, அதுவே அவங்களுக்கு இளைப்பாறலா இருக்கலாம். ஆனா அதைப் பார்த்துட்டு 'எனக்குக் கையெழுத்தே சரியில்லை, இது நமக்கு ஆகாது'ன்னு ஓடிடாதீங்க. புள்ளி புள்ளியா அச்சடிச்ச வெளிநாட்டு நோட்டும் வேண்டாம். நான் எழுதுறது தெருமுனைக் கடையில வாங்கின கோடு போட்ட நோட்டு.

அடுத்தது பழக்கக் கட்டம். முப்பது நாளுக்கு முப்பது கட்டம் போட்டு, நடந்த நாளுக்கெல்லாம் நிறம் அடிக்கிறது. இதோட '21 நாள்ல பழக்கம் வந்துடும்'ங்கிற கதையும் சேர்ந்து வரும். அது மேக்ஸ்வெல் மால்ட்ஸ்னு ஒரு அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960-ல எழுதின புத்தகத்துல இருந்து கிளம்பினது. அவர் சொன்னது, ஆபரேஷனுக்கப்புறம் புது முகம் பழக குறைஞ்சது 21 நாள் ஆகுதுன்னு. அந்தக் 'குறைஞ்சது' வழியிலேயே எங்கேயோ தொலைஞ்சு போச்சு. லண்டன்ல பிலிப்பா லாலியும் கூட்டாளிகளும் 96 பேரை வெச்சு செஞ்ச ஆய்வு 2010-ல வெளியாச்சு. ஒரு செயல் தானா வர்ற அளவுக்குப் பழக சராசரியா 66 நாள். ஆளுக்கு ஆள் வித்தியாசம் 18 நாள்ல இருந்து 254 நாள் வரைக்கும். அதுல எனக்கு ஆறுதலான விஷயம், நடுவுல ஒரு நாள் விட்டா பெருசா ஒண்ணும் கெட்டுப்போகலைங்கிறது. ஆக, கட்டத்துல ஒரு ஓட்டை விழுந்தா உலகம் அழியாது.

மனநிலைக் கட்டம்னும் ஒண்ணு இருக்கு. நல்ல நாளுக்குப் பச்சை, மோசமான நாளுக்குச் சிவப்பு. சிலருக்கு, முக்கியமா சிகிச்சையில இருக்கிறவங்களுக்கு, அது உதவலாம். நான் வெச்சுக்கறதில்லை. வீட்டுல நோயாளி இருக்கிற ஒரு மாசத்தை மொத்தமா சிவப்பா பார்க்கிறதுல எனக்கு ஒரு பிரயோஜனமும் தெரியலை. பதிலுக்கு தினமும் ஒரு கோடு போட்டு ஒரு விஷயம் எழுதறேன். 'அப்பா இன்னைக்கு சீட்டாட்டத்துல ஏமாத்தினார்' மாதிரி. வருஷக் கடைசியில படிக்க அதுதான் நல்லா இருக்கு.

இலக்கு எழுதறதுல ஒரே ஒரு யோசனை. 'உடம்பைப் பார்த்துக்கணும்'னு எழுதினா அது புள்ளி வைக்கிற வேலை இல்லை, வேண்டுதல். எப்போ, எங்கே, எவ்வளவுன்னு சேர்த்து எழுதுங்க. 'ராத்திரி தட்டைக் கழுவினதும் மொட்டை மாடி, 15 நிமிஷம்.' ஏற்கெனவே தினம் செய்யிற ஒரு வேலையோட வால்ல புது வேலையைக் கட்டிவிட்டா அது சுலபமா வந்துடுது.

தினம் எழுதறதுன்னதும் நமக்கு ஆனந்தரங்கப் பிள்ளை ஞாபகத்துக்கு வராம இருக்காது. புதுச்சேரியில துய்ப்ளெக்ஸுக்கு துபாஷியா இருந்தவர், 1736-ல ஆரம்பிச்சு 1761 வரைக்கும் தமிழ்ல எழுதினார். கவர்னர் பேச்சு, கப்பல் வரவு, சண்டை, ஊர் வம்புன்னு எல்லாம் அதுல உண்டு. அவர் ஊர் நடப்பை எழுதினார். நம்ம நோட்டு நாளைக்கு யாருக்கும் சரித்திரம் ஆகப்போறதில்லை. பரவாயில்லை. நம்ம வீட்டு நடப்பை நம்மளைத் தவிர வேற யார் எழுதப் போறாங்க?

ஆரம்பிக்கணும்னா ஜனவரிக்குக் காத்திருக்க வேண்டாம். வீட்டுல பாதி எழுதின நோட்டு ஒண்ணு கண்டிப்பா இருக்கும். இன்னைக்குத் தேதியைப் போட்டு, மனசுல ஓடுற எல்லாத்தையும் புள்ளி வெச்சு இறக்குங்க. ஒரு மாசம் கழிச்சு முடியாத புள்ளிகளைப் பாருங்க. அவ்வளவுதான். மீதி எல்லாம் பழகப் பழக வரும். ரெண்டு மூணு தடவை நகர்ந்த வரி எதுன்னு மட்டும் கவனிங்க. அதுக்குப் பக்கத்துல ஏன்னு ஒரு கோடு போட்டு எழுதுங்க. சில காரணத்துக்கு நம்ம மட்டும் பதில் சொல்ல முடியாது, அடுத்தவங்க கைக்கும் நோட்டு போகணும்.

பார்க்கின்சன் குணமாகிற நோய் இல்லை. எங்க நோட்டுலேயே அது தெரியுது. மூணு வருஷத்துக்கு முன்னாடி நாலு வேளையா இருந்த மாத்திரை இப்போ ஆறு வேளை. முதல் நோட்டுல 'கோயில் வரை நடந்தார்'னு இருந்த வட்டம், இந்த நோட்டுல சில நாள் 'கேட் வரை' ஆயிடுச்சு. பழசைப் புரட்டும்போது அந்த ரெண்டு வரியும் அடுத்தடுத்துக் கண்ணுல படும். மூடி வெச்சுட்டு, அன்னைக்குத் தேதியைப் போட்டு, ராத்திரி மாத்திரை நேரத்தை எழுதிட்டுப் படுப்பேன். தூக்கம் வந்துடுது.

உங்கள்ல யாராவது வீட்டுல முடியாதவங்களை வெச்சுக்கிட்டு இப்படி எழுதுறீங்களா? என்ன குறி வெச்சுக்கறீங்க, எதை எழுதாம விடறீங்கன்னு சொல்லுங்க. எனக்கு இன்னும் பக்கம் மீதி இருக்கு.

டிஸ்கி: இந்தப் பதிவை எழுதணும்கிற புள்ளிக்கும் ரெண்டு அம்புக்குறி விழுந்தது. இப்போ பெருக்கல் குறி போட்டாச்சு :-)